பொறுப்பாளர்: மகன்

மாமாவின் தொண்டையிலிருந்து குழாயை எடுத்தபோது அத்தை இருந்தார், என் மனைவி ஷீபா இருந்தாள், நான் இருந்தேன். என் அப்பா கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மாமாவின் மகன் பிரவீன் இல்லை. மாமாவின் அண்ணன் சாமுவேல் இல்லை. மாமாவிடம் படித்துப் போன நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் ஒருவர்கூட இல்லை. பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லவில்லை, அதனால் அவர்கள்மேல் குறையில்லை. சொல்லியும் வராதவர்கள்மேல்தான் குறை.

மாமா என்றால் ஷீபாவின் அப்பா, எட்வின் ஞானராஜ். சென்னையில் ஒரு கல்லூரியில் சமூகவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் வடக்குப்பட்டுப் பக்கம் புதிதாகப் போட்ட மனைப்பிரிவில் மாடி வீடு கட்டிக்கொண்டு வந்தார். நான் அந்த ஊர்க்காரன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்த முதல் ஆள். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். ஷீபாவும் அதே கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் இருந்தாள். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது பிரவீன் வரவில்லை. சாமுவேல் பெரியப்பா வரவில்லை. எந்த ஊர்ப் பையன் என்று மட்டும் போனில் கேட்டாராம். மாமா சிரித்துக்கொண்டே அதை என்னிடம் சொன்னார். "எந்த ஊருன்னு கேட்டா எந்தத் தெருன்னு கேக்கறாங்கன்னு அர்த்தம். இதைத்தான்பா நான் முப்பது வருஷம் சம்பளம் வாங்கிக்கிட்டு சொல்லிக் குடுத்தேன். எங்க அண்ணன் ஓசியிலயே தெரிஞ்சு வெச்சிருக்கான்."

மாமா வீட்டு மாடியில்தான் நாங்கள் குடியிருந்தோம். கம்பெனி பஸ் அந்த முனையில் நிற்கும், அத்தைக்கு மூட்டு வலி, ஷீபாவுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. காரணங்கள் இவ்வளவுதான். ஆனால் ஊரும் உறவும் எனக்கு வைத்த பெயர் வீட்டோட மாப்பிள்ளை. "அதுக்குப் பாடத்துல ஒரு அத்தியாயமே இருக்குப்பா" என்பார் மாமா.

அவர் வீட்டு மனிதர். அத்தை தபால் ஆபீஸ் வேலைக்குப் போன காலத்திலிருந்து காலைச் சட்னி அவர் பொறுப்பு. ஷீபா பள்ளி முடிக்கும்வரை சடை பின்னிவிட்டதும் அவர்தான். ஒரு பக்கம் தடிமனாகவும் ஒரு பக்கம் எலி வால் மாதிரியும் வரும் என்று அவள் இன்றும் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவில் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவார். வந்ததும் வஞ்சிரத்தில் நடுத்துண்டு இரண்டை எடுத்துத் தனியாக ஃப்ரீசரில் வைப்பார். "பிரவீன் திடீர்னு வந்தான்னா?" பிரவீன் இருப்பது பெருங்களத்தூரில், பைக்கில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வரமாட்டார். அடுத்த ஞாயிறு அந்தத் துண்டை அத்தை குழம்பில் போடுவார், புதுத் துண்டு ஃப்ரீசருக்குப் போகும். எங்கள் கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான்.

நோய் வறட்டு இருமலாக வந்தது. லாரி ஓடுகிற ரோடு, பக்கத்தில் கட்டிடம் கட்டுகிறார்கள், தூசிதான் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். கூட்டு ரோடு கிளினிக்கில் சிரப்பு கொடுத்தார்கள். குறையவில்லை. மாடிப்படி ஏறிப் பேரனைப் பார்க்க வருகிறவர் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பித்தார். காசநோயா என்று சளி பார்த்தார்கள், இல்லை. கடைசியில் ஸ்கேன் எடுத்து நெஞ்சு மருத்துவரிடம் போனோம். அவர் ஐ.எல்.டி. என்றார். நுரையீரல் பஞ்சு மாதிரி விரிந்து சுருங்க வேண்டும். இந்த நோயில் அது தழும்பு ஏறி இறுகிக்கொண்டே போகும். காற்று உள்ளே போனாலும் அதிலிருக்கும் ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போய்ச் சேராது.

"பீர்க்கங்காய் முத்திக் காஞ்சா நாரா ஆயிடுதில்ல சார், அந்த மாதிரி" என்றார் டாக்டர்.

"திரும்பப் பிஞ்சா ஆகுமா?" என்று மாமா கேட்டார்.

"ஆகாது சார். வேகத்தைக் கொறைக்க மாத்திரை இருக்கு."

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம்.  மாமா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லவேளை, கேரளாவுல பொறந்திருந்தா இந்த நாரை எடுத்து முதுகு தேச்சுக் குளிச்சிருப்பாங்க" என்றார். ஷீபாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

வீட்டில் ஆக்சிஜன் பெட்டி வாங்கி வைத்தோம். காற்றை இழுத்து ஆக்சிஜனை மட்டும் பிரித்து மூக்குக் குழாய்க்கு அனுப்பும் மின்சாரப் பெட்டி அது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர். அதன் இரைச்சலுக்கு நடுவில், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே ஒருநாள் மாமா சொன்னார்.

"முடியாத நிலைமை வந்தா என்னைக் குழாய் போட்டு மெஷின்ல மாட்டாதீங்க. இந்த நோய்க்கு மெஷினால பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இங்க கூட்டிட்டு வந்துடுங்க. இந்தக் கட்டில், இந்த ஜன்னல், உங்கம்மா கையால ஒரு வாய் காபி. போதும்."

அத்தை, "வெங்காயம் எரியுதுங்க" என்று எழுந்து போனார். ஷீபா "சரிப்பா" என்றாள். நான் தலையாட்டினேன். அவர் எங்கள் மூவரிடமும் கேட்டது அது ஒன்றுதான்.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் எண் கீழே கீழே போனது. ஆம்புலன்ஸ் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கண்டெய்னர் லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. உள்ளே உட்கார்ந்து நான் என் கம்பெனி பஸ்ஸையே திட்டிக்கொண்டிருந்தேன். சென்னைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம்.

அட்மிஷன் மேசையில் இருந்த பெண் கேட்டார். "பேஷண்டுக்கு நீங்க யாரு?"

"மருமகன்."

"பையன் இல்லையா?"

"இருக்காரு. வரல."

இந்தக் கேள்வியை அதற்குப் பிறகு ஒவ்வொரு கவுண்டரிலும் கேட்டார்கள். பதிலை நான் மாற்றவில்லை.

பொறுப்பாளர் என்ற இடத்தில் ஷீபா என் பெயரைச் சொல்லத் தொடங்கினாள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மாமா முகத்து மாஸ்க்கைத் தூக்கினார். "பிரவீன் பேரைப் போடும்மா."

"அவன் இங்க இல்லப்பா."

"வருவான். வந்து பாக்கும்போது அவன் பேரு இருக்கணும். இல்லன்னா அதையும் ஒரு சாக்கா வெச்சுப்பான்." பிறகு என்னைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதப்பா."

"அதெல்லாம் இல்ல மாமா."

என் கையால்தான் எழுதினேன். பிரவீன் ஞானராஜ், மகன். ஒரு குடும்பத்தில் யார் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அதிகாரம் இருக்கும் என்று காலமெல்லாம் பாடம் நடத்தியவர் அவர். அது அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அன்று ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தது பேராசிரியர் இல்லை, வஞ்சிரத் துண்டை எடுத்து வைக்கிற அப்பா.

வார்டு நாட்கள் மோசமில்லை என்றே சொல்ல வேண்டும். லீவு கேட்டு சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன்.

"பெத்த அப்பாவாடா?"

"மாமனார் சார்."

"மாமனாருக்கெல்லாம் லீவு குடுத்தா லைனை யார்றா பாக்கறது? சி ஷிஃப்ட் போட்டுத் தரேன். பகல்ல ஆஸ்பத்திரில இரு."

இரவு கம்பெனி, பகல் ஆஸ்பத்திரி என்று ஆனது. லைனில் கூட இருக்கும் குமரேசன் என் ஓ.டி.யையும் சேர்த்துப் பார்த்தான். அவனுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை, சொன்னால் அடிப்பான்.

மாமா கட்டிலில் இருந்தபடி வார்டை வேடிக்கை பார்த்தார். "டாக்டர் வரும்போது கவனிச்சுப் பாரு. எல்லாக் கட்டில்லயும் ஒரு ஆம்பள எழுந்து முன்னால வந்து நிப்பான். அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்தவனா இருப்பான். மூத்திரம் அள்ளிக் கொட்டின பொம்பள பின்னால செவுத்தோட ஒட்டிக்குவா. டாக்டரும் அவன்கிட்டதான் சொல்லுவாரு." அப்படியேதான் நடந்தது. எதிர்க் கட்டிலில் அப்படி ஒருவர் எழுந்து நின்றபோது மாமா என்னைப் பார்த்துக் கண் அடித்தார்.

என் அப்பா ஒரு கம்பெனியில் தோட்ட வேலை பார்க்கிறார். வேலை முடிந்ததும் பஸ் மாறி மாறி வருவார், மடியில் அவித்த வேர்க்கடலையோடு.

"இன்னா சம்மந்தி, இப்போ எப்டி கீது?"

"கீது சம்மந்தி. கொஞ்சமா கீது" என்று மாமா அதே மாதிரி சொல்வார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரித்தால் மாமாவுக்கு இருமல் வரும், அப்பா பயந்துபோய் நர்ஸைத் தேடி ஓடுவார். ஒருநாள் அப்பா கட்டில் முனையில் உட்கார்ந்து மாமாவின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். மாமா காலை இழுத்துக்கொண்டார்.

"நீங்க போய் என் காலைப் பிடிக்கறதா சம்மந்தி?"

"இன்னா இப்போ? என் கைக்கு இங்க வேற இன்னா வேலை கீது? சும்மா படு நீ."

மாமா படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனார்.

பிறகு தொற்று மோசமானது. ஐ.சி.யு.வுக்கு மாற்றினார்கள். முகத்தை இறுக்கி மூடும் மாஸ்க் வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தியும் போதவில்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறி, அவர் பாதி மயக்கத்தில் இருந்தார். டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். அடுத்தது வெண்டிலேட்டர். தொண்டைக்குள் குழாய் இறக்கி, நமக்குப் பதிலாக இயந்திரமே நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளும். பேச முடியாது. பெரும்பாலும் மயக்க மருந்திலேயே வைத்திருப்பார்கள்.

"உண்மையைச் சொல்றேன்" என்றார் டாக்டர். "நுரையீரல் இவ்ளோ இறுகினவங்களுக்குப் போட்டா திரும்பக் கழட்டறது கஷ்டம். போடாம, மூச்சுத் திணறல் தெரியாத மாதிரி மருந்து குடுத்து வீட்டுக்கு அனுப்பவும் முடியும். கொஞ்ச நாள்தான் இருப்பாரு, ஆனா உங்களோட இருப்பாரு. நீங்கதான் முடிவு பண்ணணும்."

"மெஷின் வேணாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு மாமா முன்னாடியே சொல்லியிருக்காரு" என்றேன்.

"எழுதிக் குடுத்திருக்காரா?"

"இல்ல சார். எங்ககிட்ட சொன்னாரு."

அவர் ஃபைலைப் புரட்டினார். "பொறுப்பாளர் மகன்னு இருக்கே. அவர் என்ன சொல்றாரு?"

வராந்தாவில் நின்று ஷீபா போன் போட்டாள். அத்தைக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

"என்னடி பேசற?" என்றார் பிரவீன். "அப்பாவை அப்படியே தூக்கிட்டுப் போய் வீட்ல போட்டுடறதா? என்ன உண்டோ எல்லாம் பண்ணச் சொல்லு. காசைப் பத்தி யோசிக்காதீங்க."

"காசுக்காக இல்லண்ணா. அப்பாவே வேணாம்னுட்டாரு."

"யார்கிட்ட சொன்னாரு?"

"எங்க மூணு பேர்கிட்டயும்."

 போனில் அடுத்துக் கேட்டது பெரியப்பா சாமுவேலின் குரல். பிரவீன் வீட்டில்தான் இருந்திருக்கிறார். "அந்தப் பையனும் இருந்தானாமா? வீடு இன்னும் எட்வின் பேர்லதான இருக்கு? அங்க கொண்டுபோய் வெச்சுக் கைநாட்டு வாங்கிக்கலாம்னு பாக்கறான். நீ ஒத்துக்காத பிரவீன்."

வராந்தா பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பேசத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். இனிமேல் நான் எதைச் சொன்னாலும் அது அந்த வீட்டுக்காகச் சொன்னதாகத்தான் ஆகும். வீட்டோட மாப்பிள்ளை என்ற சொல்லை அதுவரை நான் கேலியாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு மனிதனின் வாயைத் தைக்கிற ஊசி என்று அன்றுதான் தெரிந்தது.

ஷீபா விடவில்லை. டாக்டரிடம் திரும்பிப் போய், "நான் பொண்ணு. நான் கையெழுத்துப் போடறேன்" என்றாள். ஒரே குடும்பத்தில் இரண்டு பேச்சு இருந்தால் முழு சிகிச்சையும் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை, நாளைக்குப் பிரச்சினை ஆஸ்பத்திரிக்கு வரும் என்றார் அவர். "அம்மா ஒத்துக்கிட்டா நான் உங்க அண்ணன்கிட்ட பேசிப் பாக்கறேன்."

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "பிள்ளை சொல்றதைக் கேப்போம்மா. அப்பாவை நீதான் சாகடிச்சன்னு நாளைக்கு அவன் என்னைக் கேட்டுட்டா நான் எங்க போவேன்?"

ஷீபா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

என் அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. என்னைத் தனியாக இழுத்துப்போனார். "எப்பா, வூட்டுக்கு இட்டுனு பூடலாம்பா. அந்த மனுசன் அதான கேக்கறாரு. வண்டிக்கு நான் சொல்றேன்."

"முடியாதுப்பா."

"இன்னாத்துக்கு முடியாது?"

"அது நம்ம வீடு இல்லப்பா."



பிரவீன் அன்று மாலை வந்தார். கையெழுத்துப் போட்டார். உள்ளே போனபோது மாமா கண்ணைத் திறந்தார். மகனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். பிரவீன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதுப்பா, மெஷின் வெக்கச் சொல்லிட்டேன்" என்றார். மாமாவின் முகம் மாறியது. மாஸ்க்குக்குள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். கண்கள் பிரவீனைத் தாண்டி, கதவோரம் நின்ற என்னைத் தேடின.

"பயப்படறாரு பாவம்" என்றார் பிரவீன், நர்ஸிடம். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது. கெட்டவர் இல்லை. வராமல் இருந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று வந்தவர். அதற்கு அவருக்குக் கிடைத்தது அப்பாவின் தொண்டை.

அதற்குப் பிறகு ஒரு வேளைக்கு ஒருவர், ஐந்து நிமிடம். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று மாமாவின் இரண்டு மணிக்கட்டையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். முதல்முறை பார்த்துவிட்டு அத்தை வெளியே வந்து வாந்தி எடுத்தார். தூத்துக்குடிப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி இருந்தாள். பெயர் செல்வி. நான் போகும்போதெல்லாம் கட்டை அவிழ்த்துவிடுவாள். "நீங்க கையப் புடிச்சுக்கிடுங்கண்ணே. போம்போது சொல்லுங்க, பொறவு கட்டணும், என்ன?" அந்த நாட்களில் மாமாவின் கை கட்டு இல்லாமல் இருந்தது அந்த ஐந்து நிமிடம்தான். ஷீபா போகும்போது தலை வாரிவிடுவாள். அத்தை காதருகே பைபிளிலிருந்து சங்கீதம் வாசிப்பார். நான் ஒன்றும் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்டால் அது அவருக்குக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

சிறுநீரகம் நின்றது. டயாலிசிஸ், அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுவது. அதற்குச் சம்மதம் கேட்டு ஷீபா அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. கழுத்தில் துளை போட்டுக் குழாயை அந்த வழியாக மாற்றவும் அதே கட்டைவிரல். ஒவ்வொரு நாள் காலையும் பில்லிங்கில் கூப்பிட்டு, இவ்வளவு கட்டுங்கள் என்றார்கள். அங்கே மட்டும் யாரும் பையன் இல்லையா என்று கேட்கவில்லை. மருமகன் கட்டினாலும் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு காலையில், நான் ஷிஃப்ட் முடித்து வந்து சேர்ந்த நேரத்தில், இதயம் நின்றது. குழாயை எடுத்தார்கள். செல்வி மணிக்கட்டுத் துணிகளையும் அவிழ்த்தாள். இரண்டு பக்கமும் சிவந்து வளையல் மாதிரித் தடம். அத்தை அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், தேய்த்தால் போய்விடும் என்பது போல.

மாமா வீட்டுக்கு வந்தார், குளிர்ப்பெட்டியில். பெட்டிக்கு மின்சார இணைப்பு ஹாலில்தான் இருந்தது, அதனால் ஜன்னலோரம் வைக்க முடியவில்லை. அடக்கத்தன்று பெரியப்பா சாமுவேல் எல்லோருக்கும் முன்னால் நின்று பேசினார். "எங்க பிரவீன் கடைசி வரைக்கும் விட்டுக்குடுக்கல. இன்னிக்கு இருக்கற அத்தனை மெஷினும் வெச்சுப் பாத்துட்டான். எந்த அப்பனுக்குக் கெடைக்கும் இந்தக் குடுப்பினை?" எல்லோரும் தலையாட்டினார்கள். மாமாவின் பழைய மாணவர்கள் சிலர் செய்தி கேட்டு வந்திருந்தார்கள். அதில் ஒருவர் என்னைத் தொட்டு, "தம்பி, நீங்க சாருக்கு யாரு?" என்று கேட்டார். நான் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மருமகன் என்றேன். "அப்படியா, பையன்கிட்ட ஒரு வார்த்தை துக்கம் சொல்லணும், எங்க இருக்காரு?" என்றார். கையைக் காட்டினேன்.

பிரவீன் ஒன்றரை லட்சம் கொடுத்தார். பொய் சொல்லக் கூடாது, கேட்காமலே கொடுத்தார். மீதிக்கு மாமாவின் சேமிப்பு போனது, ஷீபாவின் நகை போனது, என் பி.எஃப். போனது. வெளியில் வாங்கிய கடனை அடைக்க, நான் எழுதி வாங்கிக்கொள்ளப் பார்த்ததாகச் சொன்ன அதே வீட்டைத்தான் வங்கியில் அடமானம் வைத்திருக்கிறோம். அத்தை, பிரவீன், ஷீபா மூவரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். மாதத் தவணை என் சம்பளத்தில் பிடித்தம் ஆகிறது.

வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று பில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். வீட்டில் வைத்துப் பார்க்க மருந்துக்கும் நர்ஸுக்கும் வாரத்துக்கு எட்டாயிரம் ஆகும் என்றார். மாமாவை அவர் கேட்ட கட்டிலுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதற்கு எங்களுக்குக் கடைசியில் ஆனது, குளிர்ப்பெட்டி வாடகையோடு சேர்த்து, பதினொரு லட்சத்து நாற்பத்தாறாயிரம் ரூபாய்.